பர்பனின் இனிப்பு மக்காச்சோளத்தினுடையதா? சில ஆண்டுகளின் அனுபவம்

பர்பன் விஸ்கியைப் பற்றி யாரிடம் கேட்டாலும், மக்காச்சோளத்தில் செய்வதால் அது இனிக்கிறது என்ற விடைதான் முதலில் கிடைக்கும். பர்பனையும், மக்காச்சோள விஸ்கி என்ற தனிப் பெயரிலேயே விற்கப்படும் வகையையும் சில ஆண்டுகளாக அளவோடு மாற்றி மாற்றி அருந்தி வந்ததில், அந்த விடையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மக்காச்சோளத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. மாறாமல் எஞ்சுவதும் வடிக்கும்போது ஆவியுடன் மேலே வருவதில்லை. ஆகவே வடிகலனிலிருந்து இறங்கும் தெளிந்த திரவத்தில் சர்க்கரை என்று எதுவும் இருப்பதில்லை.

அமெரிக்கச் சட்டத்தின்படி பர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் அதை ஊறவைக்க வேண்டும். மக்காச்சோள விஸ்கிக்கோ குறைந்தது 80 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும், ஆனால் ஊறவைப்பது கட்டாயமில்லை. ஊறவைத்தாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயையோ கருக்காத புதிய பீப்பாயையோதான் பயன்படுத்தலாம். மக்காச்சோளம் கூடுதலாக உள்ள வகை கூடுதலாக இனிக்க வேண்டும் அல்லவா? என் நாவில் அப்படி நேரவில்லை.

ஹெவன் ஹில் நிறுவனத்தின் மெல்லோ கார்ன் என்ற மக்காச்சோள விஸ்கி இதற்கு நல்ல சான்று. 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'பாட்டில்ட் இன் பாண்ட்' முத்திரை கொண்டது என்பதால், ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, குறைந்தது 4 ஆண்டுகள் ஊறி, 50 சதவீத ஆல்கஹாலுடன் வருகிறது. அத்தனை ஆண்டுகள் ஊறியும் நிறம் வெளிர் மஞ்சள்தான். முகர்ந்தால் வெண்ணெய் சேர்த்த மக்காச்சோளப் பொரியும் காய்ந்த வைக்கோலும் நினைவுக்கு வருகின்றன. வாயில் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு கனம் தங்குகிறது. சிறிது நீர் விடாமல் எனக்கு இது இறங்குவதில்லை. முதலில் முரட்டுத்தனமாகத் தோன்றிய இதனிடம்தான், மரம் மறைக்காத மக்காச்சோளத்தை நான் அறிந்துகொண்டேன்.

அதே மாலையில் ஒரு பர்பனை ஊற்றினால் வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, தேங்காயை ஒத்த ஒரு மணம் என்று வரிசையாக எழுகின்றன. இவை பெரும்பாலும் மரத்தின் கொடை. தீயில் கருகும்போது ஓக் மரத்தின் கூறுகளில் ஒன்றான லிக்னின் சிதைந்து வெனிலா மணம் கொண்ட வெனிலினைத் தருகிறது, மற்றொன்றான ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து பாகு மணத்தைத் தருகிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து வெக்கையான கோடையில் விரிந்து மரத்துக்குள் புகும் திரவம், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வருகிறது. கிடங்கின் மேல்தளங்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமை. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மரத்தின் இந்தச் சத்து பெருமளவு தீர்ந்திருக்கும் என்பதே மெல்லோ கார்னின் வெளிறிய நிறத்துக்குக் காரணம்.

இந்த மதுவின் தோற்றத்தைத் தேடினாலும் கதையும் உண்மையும் கலந்தே கிடைக்கின்றன. எலைஜா கிரெய்க் என்ற போதகர்தான் முதன்முதலில் பீப்பாயைக் கருக்கினார் என்று சொல்வார்கள்; அதற்கு அக்காலச் சான்று ஏதும் இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கென்டக்கியில் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மன் வழியினருக்கு வடிக்கும் கலை தெரிந்திருந்தது, அந்த மண்ணில் மக்காச்சோளம் கொழித்தது. மலை தாண்டித் தானிய மூட்டைகளைச் சுமப்பதைவிட, அதை வடித்துப் பீப்பாயில் அடைத்து ஆற்று வழியே அனுப்புவது இலாபமாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குரோ, முந்தைய வடிப்பின் புளித்த கழிவில் ஒரு பகுதியைப் புதிய கூழில் சேர்க்கும் முறையை அளந்து ஒழுங்குபடுத்திய பிறகுதான், இன்று வாங்கிய சுவையை அடுத்த முறையும் எதிர்பார்க்கும் நிலை வந்தது. பர்பன் அமெரிக்காவுக்கே உரிய மது என்று அந்நாட்டு காங்கிரஸ் தீர்மானித்தது 1964 இல்தான்.

பர்பன்களுக்குள் வேறுபாட்டைத் தருவதும், எல்லாவற்றுக்கும் பொதுவான மக்காச்சோளத்தைவிட, துணைத் தானியமே என்பது என் அனுபவம். மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பனில் ரை என்ற தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்ப்பதால் அது மென்மையாக இருக்கிறது. தொடக்கத்தில் அதை விரும்பினேன், நாளடைவில் சலித்தது. மிளகுக் காரம் தரும் ரை கூடுதலாக உள்ள பர்பன்களுக்கே இப்போது திரும்பத் திரும்பப் போகிறேன். ஒன்று மட்டும்: 50 சதவீத வகைகளைக் காரமான வறுவலோடு அருந்த வேண்டாம், மிளகாயும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கில் வேறெதையும் உணரவிடாது.

முதன்முறை வாங்குபவர்கள் ரை சேர்ந்த, 45 சதவீதத்தை ஒட்டிய பர்பனோடு தொடங்கலாம். மெல்லோ கார்ன் அதன் பிறகு. புட்டியைச் சாய்த்து வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரிக்கும் என்பதால் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாதிக்கு மேல் காலியான புட்டியில் காற்றுப் பட்டு மணம் மெல்ல மங்குவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் அதைச் சிறு புட்டிக்கு மாற்றிவிடுகிறேன்.