வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட் டூர்: டீ அருமை, கங்காணி பத்தி ஒரு வார்த்தை இல்ல

போன ஞாயித்துக்கிழம கம்பத்துல இருந்து அம்மாச்சியக் கூட்டிக்கிட்டு குமுளி மெட்டு ஏறி கேரளாப் பக்கம் ஒரு எஸ்டேட் டூருக்குப் போனோம், தலைக்கு 300 ரூவா, ஜீப், ஃபேக்டரி, கடைசில டீ.

ஃபேக்டரிய குறை சொல்லவே முடியாது. பச்சையா உள்ள போற கொழுந்து சிடிசி மெஷின்ல அரைபட்டு புளிச்சு செம்பு நெறமா மாறுறத பக்கத்துல நின்னு பாக்கலாம், வாசமே தனி, காட்டுன பொண்ணும் பொறுமையா பதில் சொல்லுச்சு.

அப்புறம் பங்களா. தொரை உக்காந்த நாற்காலி, தொரையோட துப்பாக்கி, தொரை வளத்த நாய் போட்டோ கூட இருக்கு. "வெள்ளக்காரங்க காட்ட அழிச்சு தோட்டம் போட்டாங்க"னு கைடு தம்பி சொன்னாரு, அம்மாச்சி உடனே "அவுகளா வெட்டுனாக? எங்க தாத்தன்ல வெட்டுனாரு"ன்னுச்சு, தம்பிக்குப் பதில் தெரியல.

1834ல பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறைய ஒழிச்ச உடனே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு நம்ம சனத்த ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்கி மொரீசியசுக்கு ஏத்துனாங்க, 1860ல மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவுல இருக்குற நேட்டாலுக்கும் கப்பல் போச்சு. இந்த மலைக்குக் கப்பல் தேவப்படல, தோட்டத்துக்கு ஆள் புடிச்சுக் குடுக்குற கங்காணி போதும். மழை பொய்ச்ச வருசம் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரப் பக்க ஊருகளுக்கு வந்து முன்பணம் குடுத்து குடும்பத்தோட நடத்தியே கூட்டிட்டு வருவான், வழிச்சோறு, கம்பளி எல்லாம் கடன் கணக்குல ஏறும், அவனுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தலைக்காசு. இந்த மலை அப்ப இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துல 1855லயே அடிமை முறை ஒழிஞ்சதா அறிக்கை விட்டாச்சு, ஆனா கடன் தீராம மலைய விட்டு எறங்க முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவுல 1859ல போட்ட சட்டப்படி முன்பணம் வாங்கிட்டு வேலைக்கு வராதவன ஜெயில்ல தள்ளலாம், அத எடுக்கவே 1925 ஆச்சு. பெரும்பாலும் சேரில இருந்து வந்த சனம், காய்ச்சல்லயும் குளிர்லயும் செத்தவங்க எத்தன பேரோ.

இதுல ஒரு வரி கூட அந்த பங்களா சுவத்துல இல்ல. வாசல்ல தொங்குற பெரட்டு மணிய பூத்தொட்டி மாட்டி அழகுக்கு வச்சிருக்காங்க, விடியகாலைல அந்த மணி அடிச்சா கைப்புள்ளயோட ஓடிப்போயி வரிசைல நின்னு பேர் குடுக்கணும்னு அம்மாச்சி சொல்லும்போது சுத்தி நின்னவங்க எல்லாம் செல்போன உள்ள வச்சிட்டுக் கேட்டாங்க. கீழ லயம், தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுங்க, இருக்கே அங்க போலாமான்னு கேட்டேன், அது டூர்ல கெடையாதாம்.

டீக்கு 5 ஸ்டார், பங்களாவுக்கு 1. போறவங்க காலைல போங்க, மதியத்துக்கு மேல மெஷின் நிறுத்திருவாங்க. மணிகிட்ட ஒரு போர்டு வைங்க, எந்தெந்த ஊர்ல இருந்து சனம் வந்துச்சுன்னு எழுதுங்கன்னு அங்க இருந்த நோட்டுல எழுதிட்டு வந்தேன், எங்க ஊர் பேர அம்மாச்சி சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுனேன்.