பழைய வேனுக்குப் பழைய பேட்டரி வாங்குபவர்களே, மீட்டர் 12.7 காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள்

சாமான் ஏற்றிப் போகும் பழைய டீசல் வேன் என்னுடையது. பேட்டரி ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சென்ற மாதம் அது உயிரை விட்டது. புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. அதனால் பழைய பேட்டரி விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "டீசலா, பெட்ரோலா?" டீசல் என்றதும் சார்ஜரில் மாட்டியிருந்த ஒன்றைக் கழற்றி எடுத்து வந்து மீட்டரை வைத்தார். 12.7 வோல்ட். "பாருங்கண்ணே, புதுசு மாதிரி இருக்கு. எந்த வேனுக்கும் செட் ஆகும், ஒரு மாசம் கேரண்டி" என்றார். பில் கேட்டேன். "நம்ம கடைதானேண்ணே, எதுக்கு பில்லு?" என்றார். அங்கேயே மாட்டினார், வண்டியும் ஒரே செல்ஃபில் எடுத்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளித்தான் எடுத்தேன். மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டிப் போனேன். என்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தார்: 12.1. செல்ஃப் அடிக்கச் சொன்னார். முள் 8-க்கும் கீழே விழுந்தது. அப்புறம் மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லாகக் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) பார்த்தார். ஐந்து செல்லில் 1.200-ஐ ஒட்டி நின்றது, ஆறாவதில் 1.120. இரவு முழுக்கச் சார்ஜ் போட்ட பிறகு மற்ற ஐந்தும் 1.250-க்கு ஏறிவிட்டன. அந்த ஒன்று மட்டும் 1.130-ஐத் தாண்டவில்லை. செல்களுக்கு நடுவே 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த செல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அப்படியானால் கடையில் 12.7 எப்படி வந்தது? சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு பார்த்தால் கெட்ட பேட்டரிகூட அப்படித்தான் காட்டும். தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் அந்தச் சார்ஜ் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். காத்திருக்க முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். நன்றாக ஓய்ந்த பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அப்போதும் வோல்ட் சொல்வது சார்ஜை மட்டும்தான், பேட்டரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை லோடு டெஸ்டில்தான் பார்க்க முடியும். பேட்டரியின் சி.சி.ஏ. (கடும் குளிரிலும் செல்ஃப் அடிக்க அது தரக்கூடிய கரண்ட்) அளவில் பாதியை 15 விநாடி இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. குளிர் அதிகமான இடத்தில் இந்த வரம்பு கொஞ்சம் குறையும். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

பேட்டரி கெட்டது மட்டும் என்றால் பணம் போனதோடு விட்டிருப்பேன். இந்தப் பதிவை எழுத வைத்தது வேறொன்று. பேட்டரியைக் கழற்றும்போது மெக்கானிக் அண்ணன் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடியில் இருந்த இரும்புக் கம்பியில் விரல் நகம் அளவுக்குக் கருகிய தழும்பு. என் பழைய பேட்டரியைவிட இது உயரம். நான் உட்கார்ந்து குலுங்கும்போது சீட்டுக் கம்பி பாசிட்டிவ் டெர்மினலை உரசியிருக்கிறது. டெர்மினல்களும் இடம் மாறி இருந்தன. என் வண்டியின் பாசிட்டிவ் கேபிள் குட்டை, எட்டவில்லை. அதனால் பேட்டரியைத் திருப்பி வைத்திருக்கிறார் அந்த ஆள். அடியில் கிளாம்ப் பிடிக்கும் விளிம்பும் பொருந்தாமல் ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார். வாயு வெளியே போகும் குழாயை மாட்ட இதில் வழியே இல்லை. சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பொறி. அந்த வேனில்தான் என் பையனையும் உட்கார வைத்து ஓட்டி வந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் பழைய பேட்டரியின் நீளம், அகலம், உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுங்கள். 55டி23எல் மாதிரி ஜப்பானியக் குறியீடு இருந்தால் 23 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல், ஆர் என்று மாறினால் டெர்மினல் பக்கமும் மாறிவிடும். டெர்மினல் தடிமனிலும் இரண்டு வகை உண்டு. தடித்ததில் பாசிட்டிவ் 19.5 மி.மீ., மெல்லியதில் 14.7. மெல்லியதில் தகரத்தைச் செருகி இறுக்கித் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். டீசல் என்ஜினுக்குக் கம்ப்ரஷன் அதிகம், ஹீட்டர் பிளக்கும் கரண்ட் இழுக்கும். அதனால் சி.சி.ஏ. உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறையவே கூடாது.

அந்த அளவையும் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து நம்ப முடியாது. என்னுடையதில் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் வேறொரு ஸ்டிக்கர், அதில் சி.சி.ஏ. குறைவு. ஸ்டிக்கரை விட்டுவிட்டு, பெட்டியிலோ டெர்மினலிலோ பொறித்திருக்கும் தேதிக் குறியைப் பாருங்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். "உங்க டைனமோ சார்ஜ் ஏத்தலண்ணே, பேட்டரி மேல பழி போடாதீங்க" என்றார். இதைச் சொல்வார் என்று தெரிந்துதான் மெக்கானிக் அண்ணன் முன்பே அளந்து கொடுத்திருந்தார்: என்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட், வண்டி நிற்கும்போது கசிவு 30 மில்லி ஆம்பியர். இரண்டும் சரியான அளவு. அளவு எழுதிய தாளை நீட்டினேன், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னா வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பணம் தர முடியாது" என்றார். பில் இல்லாததால் மேற்கொண்டு பேச வழியில்லை. அவரிடம் இன்னொன்று வாங்க மனம் வரவில்லை.

இப்போது வண்டியில் இருப்பதும் பழைய பேட்டரிதான், வேறு கடை. முதல் நாள் மாலை சார்ஜரிலிருந்து கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலை போய் அளந்தேன்: 12.6. லோடு டெஸ்டில் 10.2-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தக் கடைக்காரரே முன்வந்து பில்லில் தேதிக் குறியையும் எழுதிக் கொடுத்தார். டெர்மினல்களுக்கு மூடி போட்டு, சீட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறேன்.