மூங்கிலை எண்ணு, பிரம்பை அள: காட்டுக் கணக்கெடுப்பில் எந்த முறை எதற்கு?

வனக் கணக்கேடுகளில் மூங்கிலும் பிரம்பும் பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில்தான் வரும். அதனால் இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே குழு, ஒரே முறை என்று முடிவாகிவிடுகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மூங்கில் ஒரு புல். பிரம்பு, கொடியாய் ஏறும் பனை. மரத்தைப் போல இரண்டுமே ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. மரம் அளக்கும் சுற்றளவு நாடா இங்கே வளர்ச்சியைக் காட்டாது. ஒற்றுமை அத்தோடு சரி. மூங்கில் கழி முளைத்த சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். அப்புறம் முற்றுவது மட்டும்தான் பாக்கி. ஆகவே மூங்கில் காட்டின் வளர்ச்சி என்பது புதிதாக வந்த கழிகளின் எண்ணிக்கை. பிரம்போ நுனியில் நீண்டுகொண்டே போகும். கலாமஸ் மனான் இனத்தில் 170 மீட்டரைத் தாண்டிய தண்டு பதிவாகியிருக்கிறது. அங்கே வளர்ச்சி என்றால் நீளம்.

பட்டையா, வட்டமா?

வெப்பமண்டலக் காடுகளில் பழகிப்போன முறை பட்டைக் கணக்கெடுப்பு. 10 மீட்டர் அகலத்தில் நேர்கோடாக நடந்தால் 1 கிலோமீட்டருக்கு 1 ஹெக்டேர் ஆகிறது. கோடுகளுக்கு இடையே 1 கிலோமீட்டர் இடைவெளி விட்டால் காட்டில் 1 சதவீதம் பார்த்தாயிற்று. கோட்டை மலைமுகட்டிலிருந்து ஓடைவரை குறுக்காக இழுப்பது முக்கியம். மூங்கில் பல இடங்களில் ஈரமான கீழ்ச்சரிவையும் ஓடைக்கரையையும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓடையோடு ஒட்டியே நடந்தால் காடு முழுக்க மூங்கில் என்று கணக்கு வரும், முகட்டிலேயே நடந்தால் மூங்கிலே இல்லை என்று வரும்.

பட்டையின் பலவீனம் அதன் ஓரம். 1 ஹெக்டேர் பட்டைக்கு ஓரம் 2,020 மீட்டர். அதே பரப்புள்ள வட்டத்துக்குச் சுமார் 354 மீட்டர்தான். ஓரம் கூடக்கூட ‘இந்த மூங்கில் தூர் உள்ளேயா, வெளியேயா’ என்ற தகராறும் கூடும். தூரின் நடு எங்கே விழுகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பிரம்பில் தலை ஒரு மரத்தில், கால் வேறொரு பக்கம் இருக்கும். வேர் எங்கே என்பது மட்டுமே கணக்கு.

இருந்தாலும் அடர்காட்டில் என் ஓட்டு பட்டைக்கே. காட்டில் ஆங்காங்கே வட்டமாகக் குறிக்கும் மாதிரிப் பகுதி ஒவ்வொன்றையும் தேடிப்போக எப்படியும் பாதை வெட்ட வேண்டும். வெட்டிய பாதையிலேயே எண்ணிக்கொண்டு போனால் என்ன?

கொத்தைத் துரத்தும் முறை

பிரம்பு சீராகப் பரவி நிற்பதில்லை. பல மாதிரிப் பகுதிகளில் சுழியம், ஒன்றிரண்டில் குவியல். இதற்குப் புள்ளியியலாளர் ஸ்டீவன் தாம்ப்சன் 1990இல் ஒரு வழி சொன்னார்: ஒரு பகுதியில் குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் கிடைத்தால் அதை ஒட்டிய பகுதிகளையும் பார், அங்கும் கிடைத்தால் இன்னும் விரி. அரிதாகவும் கொத்தாகவும் இருக்கும் இனத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் கிடைத்ததையெல்லாம் கூட்டிச் சாதாரணச் சராசரி எடுத்தால் கணக்கு ஊதிப்போகும். அதற்கான தனிச் சூத்திரத்தைப் போட வேண்டும். இன்னொரு தலைவலி, வேலை எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பிரம்பு பரவலாக உள்ள காட்டில் இந்த முறையைத் தொட்டால் நிதியும் உணவும் தீர்ந்த பிறகும் எல்லை வராது. அங்கே பட்டையே போதும்.

செயற்கைக்கோள் மூங்கிலுக்கு உதவும், அதுவும் பெரிய அளவில் திரண்டிருந்தால். தென்மேற்கு அமேசானில் குவாடுவா மூங்கில் கலந்த காடு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று படங்களிலிருந்தே கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 28 ஆண்டுக்கு ஒருமுறை அது கூட்டமாகப் பூத்துச் சாகும்போது நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மர முடிகளுக்குள் ஒளிந்திருக்கும் பிரம்புக்கு இந்த வழி சரிப்படாது.

என்ன எழுதிக்கொள்வது?

மூங்கிலில் பகுதிக்குள் உள்ள தூர்களை எண்ணி, அவற்றில் சிலவற்றில் மட்டும் கழிகளை வயதுவாரியாக எண்ணினால் போதும். முதலாண்டுக் கழியில் உறை ஒட்டியிருக்கும், வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மூன்றைத் தாண்டியதில் பாசியும் படையும் பிடித்து நிறம் மங்கியிருக்கும். கொஞ்சம் பழகினால் கண் பிடிபட்டுவிடும்.

பிரம்பில் இது எதுவும் நடக்காது. தண்டை முள்ளுறை மூடியிருக்கும். உறையோடு அளந்த விட்டம் சந்தைக்குப் போகும் பிரம்பின் விட்டமல்ல. நுனி கண்ணுக்கு எட்டாது. சில இனங்களில் தண்டு பாரம் தாங்காமல் சரிந்து தரையில் சுருண்டு கிடக்கும். மேலே தெரிவது அதில் ஒரு பங்குதான். நீளத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, சில தண்டுகளை மட்டும் இழுத்துப்போட்டு நிஜமாக அளந்து, அந்த விகிதத்தில் மற்றவற்றைத் திருத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும். தண்டு விடாமல், இலைகளை மட்டும் வட்டமாக விரித்துத் தரையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளஞ்செடிகளுக்குப் படிவத்தில் தனிப் பத்தி வேண்டும். ஒளி விழுந்தால் ஏறப்போவது அவைதான். இனத்தை அடையாளம் காண்பதில் அறுவடைக்காரர்களின் கண்ணை நான் அதிகம் நம்புவேன். ஆனால் அவர்கள் ஒரே பெயரில் இரண்டு இனங்களை அழைப்பதுண்டு, மாதிரி எடுத்து வைப்பது நல்லது.

வெட்டும் விதி

மூங்கிலில் மொத்த வெட்டா, பொறுக்கி வெட்டுவதா என்றால் பொறுக்கி வெட்டுவதுதான். 3 அல்லது 4 ஆண்டுச் சுற்று. இரண்டு ஆண்டுக்குட்பட்ட கழியைத் தொடாமல், முளைக்கும் பருவத்தில் கத்தியே வைக்காமல். முற்றிய கழி தூரின் நடுவில் இருப்பதால் குதிரைலாட வடிவில் ஒரு பக்கம் திறந்து உள்ளே போவார்கள். வேலை அதிகம், கூலியும் அதிகம். ஓரத்தில் இருக்கும் இளசை வெட்டிவிட்டுப் போகும் ஆசை வருவது இதனால்தான். சரி, வெட்டாமலே விட்டால்? தூர் நெருக்கிக்கொண்டு கழிகள் கோணும். பிரம்பை வெட்டாமல் விட்டால் அப்படி எதுவும் ஆகாது.

பிரம்பில் கேள்வியே வேறு: வெட்டினால் திரும்ப வருமா? கலாமஸ் கேசியஸ் என்ற பிரம்பு தூரிலிருந்து மறுபடி தண்டு விடும்; இந்தோனேசியாவின் காலிமந்தானில் பெயர்வு விவசாய நிலங்களில் நட்டு, காடு மீண்டபின் திரும்பத் திரும்ப அறுக்கிறார்கள். கலாமஸ் மனானுக்கு ஒரே தண்டு, வெட்டினால் செடியே போயிற்று. போதாததற்குக் கலாமஸ் இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தாய்ச்செடிகளை மட்டும் விட்டுவைத்தால் விதை விழாது. மறுபடி தண்டு விடும் இனத்துக்கும் ஒற்றைத் தண்டு இனத்துக்கும் ஒரே வெட்டு ஒதுக்கீடு தருவது தவறு.

மூங்கில் விதியும் ஒரு கட்டத்தில் தலைகீழாகும். மெலோகானா பாக்சிஃபெரா என்ற மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிகிறது. மிசோரத்தில் 1959ஐ ஒட்டியும் பிறகு 2007 வாக்கிலும் அதுதான் நடந்தது. பழத்தைத் தின்று எலி பெருகி, வயல்களும் போயின. அப்போது பழைய எண்ணிக்கை எதற்கும் உதவாது. பழம் உதிர்ந்தபின் காய்ந்ததை மொத்தமாக வெட்டுவதுதான் சரி. நாற்றுகள் முழு அளவுக் கழி விடப் பல ஆண்டுகள் ஆகும். மூங்கில் படிவத்தில் கடைசியாகப் பூத்த ஆண்டுக்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.