இ-ரீடரில் தொழில்நுட்ப பிடிஎஃப்: மாற்றுவதைவிட வெட்டுவது மேல்

நாவல் படிக்க எந்த இ-ரீடரும் போதும். பயிர் உற்பத்திக் கையேடு, பம்ப்செட் மோட்டார் மேனுவல், ஐஇஇஇ (மின்பொறியாளர் சங்கம்) கட்டுரை என்று வந்தால்தான் கருவியின் சாயம் வெளுக்கும். 6.8 அங்குலத் திரையிலும் 10.3 அங்குலத் திரையிலும் நெடுநாள் புழங்கிய பிறகு சொல்வது இது: பிடிஎஃப்பை இபப் ஆக, அதாவது திரைக்கேற்ப வரி மடங்கும் மின்னூலாக, மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோப்புகளுக்கு ஓரத்தை வெட்டினாலே வேலை முடிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 6.8 அங்குல கிண்டில் பேப்பர்வொயிட்டின் திரை ஏறக்குறைய 105 மி.மீ. அகலம், 139 மி.மீ. உயரம். ஏ4 தாள் 210க்கு 297. முழுப் பக்கத்தையும் அதில் அடைத்தால் பாதிக்கும் கீழே சுருங்கும்; 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 5 புள்ளி ஆகிவிடும். யாராலும் படிக்க முடியாது. ஆனால் ஏ4 பக்கத்தில் இரண்டு பக்க ஓரமும் சேர்ந்து 50 மி.மீ. சும்மா கிடக்கிறது. அதை வெட்டிவிட்டுக் கருவியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் 160 மி.மீ. எழுத்து 139 மி.மீ.க்குள் வருகிறது. 11 புள்ளி எழுத்து ஒன்பதரையாகத் தெரியும். ஒரு பக்கம் இரண்டு மூன்று திரையாக நகரும், அவ்வளவுதான். 10.3 அங்குலத்தில் ஓரம் வெட்டினால் அகலம் ஏறக்குறைய அசல் அளவே.

பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிட்ட கட்டுரைக்குச் சின்னத் திரை உதவாது என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறு. ஐஇஇஇ பத்தியின் அகலம் 3.5 அங்குலம், அதாவது 89 மி.மீ. 105 மி.மீ. திரையில் ஒவ்வொரு பத்தியாகக் காட்டினால் அச்சைவிடப் பெரிதாகவே தெரியும். ஒற்றைப் பத்தி ஏ4 தான் சின்னத் திரைக்கு உண்மையான தொல்லை.

வெட்டுவதற்கு பிரிஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாக அடுக்கிக் காட்டும். எழுத்து எதுவரை வருகிறது என்று பார்த்துக் கட்டம் போடலாம். ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பக்கங்களுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். பைண்டிங் பக்கம் ஓரம் கூடுதலாக இருக்கும், ஒரே கட்டம் போட்டால் பாதிப் பக்கங்களில் வரியின் முதல் எழுத்து போய்விடும். கே2பிடிஎஃப்ஆப்ட் இன்னும் வல்லது: ஓரம் வெட்டும், பத்தி பிரிக்கும், படுக்கைவாட்டில் துண்டு போடும். ஆனால் வழக்கமான அமைப்பில் பக்கத்தைப் படமாக்கிவிடுவதால் கோப்பு பெருக்கும், சொல் தேடல் போய்விடும். நேட்டிவ் அமைப்பை இயக்கினால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். வரிகளை மடக்கி அமைக்கும் வசதி மட்டும் அதில் கிடையாது. கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவி வைத்திருப்பவர்கள் கோரீடர் என்ற படிப்பு மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலியே வேண்டாம். ஓரம் வெட்டுவதையும் பத்தி பத்தியாக நகர்வதையும் படிக்கும்போதே அது செய்துவிடும்.

இனி மாற்றுவது. வேளாண்மைத் துறையும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிடும் பயிர் உற்பத்திக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். குறுகிய கால நெல்லுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து அளவு அதில் அட்டவணையாக இருக்கும்: காவிரி டெல்டாவுக்கு ஹெக்டேருக்கு 150, 50, 50 கிலோ, மற்ற பகுதிகளுக்கு 120, 40, 40. இப்படி ஓர் அட்டவணை பிடிஎஃப்பிலிருந்து காலிபர் என்ற மின்னூல் மென்பொருள் வழியாக இபப் ஆகும்போது கட்டங்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் நெடுக நிற்கும். நிரல்வாரியாக உதிர்ந்தால் "150 120 50 40 50 40" என்று வரும். முதல் மூன்றைப் பரிந்துரை என்று படித்தால் மணிச்சத்து 120 கிலோ! குறுவைக்கு உரம் வாங்கப் போகிறவர் கையில் இப்படி ஒரு கோப்பு இருக்கவே கூடாது. அட்டவணையும் சமன்பாடும் நிறைந்த எதையும் மாற்றாதீர்கள்.

வெறும் உரைநடை என்றால் காலிபர் போதும். இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். ஒன்று, வரி இணைப்புக் காரணி, இயல்பாக 0.45 இருக்கும். ஒவ்வொரு வரியும் தனிப் பாராவாக உடைந்தால் குறையுங்கள், தலைப்பும் பாராவும் ஒட்டிக்கொண்டால் கூட்டுங்கள். இரண்டு, பக்க எண்ணும் பக்கத் தலைப்பும் வாக்கியத்துக்கு நடுவே வந்து விழும். தேடு-மாற்று பகுதியில் அதற்கு ஒரு விதி எழுதி நீக்க வேண்டும். மூலக் கோப்பு வேர்டிலோ லேடெக்கிலோ கிடைத்தால் பிடிஎஃப் பக்கமே போகாமல் பாண்டாக் என்ற மாற்றியைக் கொண்டு இபப் ஆக்குங்கள், அட்டவணையும் தலைப்பு வரிசையும் பிழைக்கும். கிண்டிலுக்கு அனுப்ப மோபி என்ற பழைய மின்னூல் வடிவம் இனி வேண்டாம். அமேசானின் அனுப்பும் சேவை அதை நிறுத்திவிட்டு இபப்பை ஏற்கிறது.

தமிழ் பிடிஎஃப்புக்கு இதெல்லாம் தொடங்கும் முன் ஒரு சோதனை உண்டு. இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தமிழாக்கிக் குதறிவிடும். பூச்சிமருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

தமிழாகவே வந்து, சொல்லின் தொடக்கத்தில் ெ தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றால் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து பதிந்திருக்கிறது. "செடி" என்பது ெ, ச, டி என்று கிடக்கும். காலிபரின் திருத்தியில் ரீஜெக்ஸ் (வடிவத் தேடல்) முறையில் ([ெேை])([க-ஹ]) என்று தேடி \2\1 என்று மாற்றினால் சரியாகும். பிறகு ெ, ா தனித்தனியாக நிற்கும் இடங்களை ஒரே ொ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் சரியாகத் தெரிந்தும் தேடலில் சிக்காது. இந்த மாற்றத்தை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். ஏற்கெனவே சரியாக உள்ள பக்கத்தில் ஓட்டினால் நன்றாக இருக்கும் "செடி" "சடெி" ஆகிவிடும். பழைய, புதிய பக்கங்கள் கலந்த தொகுப்பில் அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கோரீடரில் நோட்டோ தமிழ் எழுத்துரு போட்டு, எழுத்து இணைப்பு அமைப்பை பெஸ்ட் என்றே விடுங்கள். அதைக் குறைத்தால் கொம்பு இடம் மாறும்.

நகலே எடுக்க முடியாவிட்டால் ஜெராக்ஸ் கடை ஸ்கேன். படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் டெசராக்டுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித் தரவும் கொடுத்து ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற மென்பொருளை ஓட்டினால் படத்துக்கு அடியில் எழுத்து அடுக்கு சேரும். ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பத்தான் செய்யும், தேடலுக்கு மட்டும் நம்பலாம். ஸ்கேனைச் சிறிதாக்குகிறேன் என்று 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) இறக்காதீர்கள். 6.8 அங்குலத்தில் முழுப் பக்கம் காட்ட அது சரியாக இருக்கும். ஓரம் வெட்டிப் படுக்கைவாட்டில் பார்க்க 260 டிபிஐ தேவைப்படும். 300 கருப்பு-வெள்ளையே சிக்கனம். 600 வைத்தால் பக்கம் புரள்வதற்குள் பொறுமை போய்விடும்.

வரப்பில் நின்று உச்சி வெயிலில் படிக்க இ-ரீடர் திரைக்கு ஈடில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு கதை: நீர் புகாத கருவியே ஆனாலும் திரையில் விழும் துளியை விரல் என்று எண்ணிப் பக்கம் தானே ஓடும். பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவிதான் அப்போது உதவும். ஈரம் காயாமல் சார்ஜர் சொருகாதீர்கள்.

நிறத்தில் பிரித்துக் காட்டும் பாசன வரைபடத்தை மட்டும் கருப்பு-வெள்ளை இ-ரீடருக்குக் கொண்டுவராதீர்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில் ஓடும். அதற்குக் கைப்பேசியே மேல்.