கொரோனா காலத்தில் எங்கள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் சங்கம்: சந்தா கட்டிச் சேரலாமா?

மருத்துவமனைகளில் எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவ ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சென்னையில் நடக்கும் ஒரு சங்கத்தில் நான் பல வருடங்களாக உறுப்பினர். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறைய பேர் "சேரலாமா, கட்டுகிற சந்தாவுக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். சங்கத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அதை நடத்துகிறவர்களோ சம்பளம் வாங்காமல் டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்.

நல்ல காலத்தில் ஒரு சங்கத்தை எடைபோடவே முடியாது. வருடத்துக்கு ஒரு மாநாடு, ஒரு பை, ஒரு சான்றிதழ், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். 2020 மார்ச் முதல் 2021 முடிய இவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமாகக் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கும் வெபினார்களுக்காக இல்லை, சரியான நேரத்தில் சரியான பதில் கிடைத்ததற்காக.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நோயாளி வீட்டுக்குப் போனாலும் சரி, இறந்தாலும் சரி, அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம்தான் வரும். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, நோய்க்கு ஐ.சி.டி. எனப்படும் உலகப் பொதுவான நோய் வகைப்பாட்டுக் கோடு போட்டு, அரசுக்குப் போகவேண்டிய கணக்கை அனுப்பி, அலமாரியில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையே சொல்கிறது. தொற்று வந்தபோது இந்த வேலை ஒன்றுகூட நிற்கவில்லை, இரண்டு மூன்று மடங்காக ஆனது. ஆனால் ஊரடங்கில் பஸ், ரயில் எதுவும் ஓடாததால் பாதிப் பேர் வரமுடியவில்லை.

முதலில் வந்த தலைவலி கோடுதான். புதிய நோய், ஐ.சி.டி.-10 புத்தகத்தில் இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் அவசரக் கோடுகளாக யு07.1, யு07.2 இரண்டையும் கொடுத்தது. பரிசோதனையில் உறுதியானால் முதலாவது, உறுதி செய்ய முடியாமல் அறிகுறிகளையும் தொடர்பையும் வைத்து மருத்துவர் கோவிட் என்று முடிவு செய்தால் இரண்டாவது. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். வார்டில் அப்படி இருக்காது. ஒருவர் இரவில் வருகிறார், விடிவதற்குள் இறந்துவிடுகிறார், சுவாப் முடிவு இன்னும் வரவில்லை, சி.டி. ஸ்கேனில் நுரையீரல் வெள்ளையாக இருக்கிறது, படிவம் இப்போதே நிரப்ப வேண்டும். அப்படி ஒரு மாலையில் நான் சங்கத்தின் செயலாளருக்கு போன் செய்தேன்.

"மேடம், ரிசல்ட் வரலை, எந்தக் கோடு போடறது?"

"டாக்டர் என்ன எழுதியிருக்கார்னு முதல்ல படிங்க. சந்தேகம்னு எழுதியிருந்தா யு07.2. எதுவும் எழுதலைன்னா நீங்களா எதையும் போடாதீங்க, அவரையே கூப்பிட்டு எழுதி வாங்குங்க. ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்தா திருத்தி அனுப்பணும், அதுக்கு ஒரு ரிஜிஸ்டர் இப்பவே போட்டு வெச்சுக்கோங்க."

பேச்சு அவ்வளவுதான். அந்த ரிஜிஸ்டர் ஒன்றே எங்கள் பிரிவை எத்தனை சிக்கலிலிருந்து காப்பாற்றியது என்று சொல்லி முடியாது. அவர் இதைத் தனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு விடவில்லை. வருகிற கேள்விகளை எல்லாம் சேர்த்து, பெயர் விவரங்களை எடுத்துவிட்டு, கேள்வி பதிலாக ஒரு பக்கத் தாளாக்கி எல்லோருக்கும் அனுப்பினார்கள். சின்ன நர்சிங் ஹோமில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்தத் தாள் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி ஒரு இடத்தில் வேலை தொடங்கிய ஆள்தான்.

அடுத்தது இறப்புச் சான்று. மருத்துவமனையில் நடக்கும் மரணத்துக்குக் காரணத்தை மருத்துவர் படிவம் 4ல் எழுத வேண்டும். 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும், மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் பெங்களூரு மையமும் கோவிட் மரணத்தை எப்படி எழுதுவது என்று வழிகாட்டுதல் வெளியிட்டன. வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனால் முப்பத்தாறு மணி நேரம் பி.பி.இ. எனும் பாதுகாப்பு உடையும் தூக்கமின்மையுமாக இருக்கும் ஜூனியர் டாக்டர் அதை எப்போது படிப்பார்? அவர் வழக்கம்போல முதல் வரியில் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதயம் நின்றது சாவு நடந்த விதம், அதற்குக் காரணம் அல்ல. அதை மட்டும் எழுதினால் கணக்கில் அந்த மனிதர் எதனால் போனார் என்பதே வராது.

சங்கம் இதற்கு ஒரு மாதிரிப் படிவம் தயார் செய்தது, இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் செய்ததிலேயே சிறந்த வேலை என்று இதைத்தான் சொல்வேன். முதல் பாகத்தில் மேலிருந்து கீழாக: மூச்சுத்திணறல் நோய்க்குறியான ஏ.ஆர்.டி.எஸ்., அதற்குக் காரணம் நிமோனியா, அதற்கும் காரணம் கோவிட்-19. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இரண்டாம் பாகத்தில். பக்கத்திலேயே தவறாக நிரப்பிய ஒன்று, அதில் சிவப்பு மையில் வட்டம். வார்டு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற அளவில் அச்சடிக்கச் சொன்னார்கள். நாங்கள் லேமினேட் செய்து ஒவ்வொரு நர்ஸிங் ஸ்டேஷனிலும் ஒட்டினோம். அதன்பின் திருப்பி அனுப்பவேண்டிய படிவங்கள் வெகுவாகக் குறைந்தன.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2020 ஜூலையில் ஊருக்கே தெரிந்தது. சென்னையில் விடுபட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் கோவிட் கணக்கில் சேர்த்தது. மருத்துவமனைப் பதிவுகளையும் மாநகராட்சி இறப்புப் பதிவுகளையும் ஒரு குழு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததில் வந்த எண்ணிக்கை அது. செய்தியைப் படித்தவர்கள் அரசியல் பேசினார்கள். நாங்கள் எங்கள் அலமாரியைப் பார்த்தோம். அந்த வாரமே சங்கம் ஒரு கூட்டம் போட்டு, மருத்துவமனையிலிருந்து மாநகராட்சி மண்டல அலுவலகம் வரை ஒரு படிவம் போகும் வழியில் எங்கெல்லாம் தேங்குகிறது என்று உறுப்பினர்களையே பேச வைத்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. மாநகராட்சி மருத்துவமனை, தனியார், அரசு மருத்துவக் கல்லூரி என்று எல்லா இடத்து ஆட்களும் வெளிப்படையாகப் பேசிய ஒரே கூட்டம் என் அனுபவத்தில் அதுதான்.

கேஸ் ஷீட்டைத் தொடுவது பற்றிய பயமும் அப்போது பெரிது. எங்கள் இடத்தில் கோவிட் வார்டிலிருந்து வரும் ஃபைலை பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுப்பார்கள். அந்த வைரஸ் அட்டையில் ஒரு நாளும் பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரையும் இருக்கலாம் என்று 2020 மார்ச்சில் வெளியான ஆய்வுக்கூடச் சோதனையை எடுத்துக் காட்டி, பாலிதீன் வேண்டாம், பழுப்புக் காகித உறையில் போட்டு மேலே தேதி எழுதித் தனி ரேக்கில் வையுங்கள், பிறகு பிரியுங்கள் என்று சங்கம் சொன்னது. செலவும் குறைந்தது, வியர்த்து ஈரமான ஃபைல் ஒட்டிப்போவதும் நின்றது. இன்னொரு விஷயத்திலும் கறாராக இருந்தார்கள்: அவசரத்துக்கு கேஸ் ஷீட்டைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது, அதை நிறுத்தச் சொல்லிச் சொல்லிக் களைத்தார்கள். நோயாளியின் பெயர், வீட்டு முகவரி, பாசிட்டிவ் என்ற முத்திரை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால், தொற்று வந்த வீட்டின் கதவில் தகரம் அடித்த அந்த நாட்களில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்று சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

வெபினார்கள். 2020 மே முதல் வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. முதல் சில நன்றாக இருந்தன. அப்புறம் தலைமை உரை, வாழ்த்துரை, பொன்னாடைக்குப் பதில் திரையில் ஒரு பூங்கொத்துப் படம் என்று அரை மணி நேரம் போய்விடும், காசில்லாத ஜூம் கணக்கு என்பதால் நாற்பதாவது நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கும், பேச வந்தவர் அப்போதுதான் விஷயத்துக்கே வந்திருப்பார். எல்லோருக்கும் சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது. அந்த நேரத்தில் பாதியைக் கேள்வி பதிலுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பயனடைந்திருப்பார்கள். சங்கத்தின் பலமே அதுதான், அவர்களுக்கே அது தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

மாநாட்டுப் பணம் இன்னொன்று. 2020 மாநாட்டுக்கு முன்கூட்டியே கட்டியவர்களுக்கு மாநாடு ரத்தானதும் பணம் திரும்ப வரும் என்றார்கள், மாதக்கணக்கில் வரவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் மாட்டிக்கொண்டது காரணம் என்று பின்னால் தெரிந்தது. நியாயமான காரணம்தான். அதை முதல் மாதமே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கலாம். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்த மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. கடைசியில் அடுத்த வருடச் சந்தாவில் கழித்துக்கொண்டார்கள், பணமாகவே வேண்டும் என்றவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எம்.ஆர்.டி.யில் பாதிப் பேர் ஒப்பந்த ஊழியர்கள், ஏஜென்சி வழியாக வருகிறவர்கள். அவர்கள் உறுப்பினர்களே இல்லை, சந்தா கட்டும் வசதியும் இல்லை. 2021 ஜனவரி 16ல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது எங்கள் இடத்துப் பட்டியலில் ஒப்பந்தப் பெண்கள் இரண்டு பேர் விடுபட்டிருந்தார்கள், கோவிட் வார்டுக்குப் போய் ஃபைல் எடுத்து வருகிறவர்களே அவர்கள்தான். நாங்களே நிர்வாகத்திடம் பேசிச் சேர்த்தோம். சங்கத்திலிருந்து எல்லா மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் போனால் போதும் என்று கேட்டிருந்தோம். கடிதம் போனது, ஆனால் இரண்டாம் அலை வந்த பிறகு.

இரண்டாம் அலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 மே மாதம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற நாட்கள், செயற்குழுவில் பாதிப் பேர் படுக்கையில். படுக்கை நிலவரத்தை அரசுத் தளத்தில் நாளுக்குப் பல முறை ஏற்றும் வேலையும் எம்.ஆர்.டி. ஆட்கள் தலையிலேயே விழுந்திருந்தது. அப்போதும் அந்தக் கேள்வி பதில் தாள் வந்துகொண்டிருந்தது, யார் எழுதினார்கள் என்றுகூட அதில் இருக்காது.

ஆண்டுப் பொதுக்குழுவையும் ஆன்லைனில் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர்களுக்கு லிங்கைத் திறக்கத் தெரியாது என்பதால் இளையவர்கள் ஆளுக்குச் சிலரைப் பிரித்துக்கொண்டு முந்தின நாளே போனில் கூப்பிட்டு, "ஐயா, அந்த நீலப் பட்டனை அமுக்குங்க" என்று பழக்கிவிட்டார்கள். வரவு செலவுக் கணக்கை முன்னதாகவே எல்லோருக்கும் அனுப்பியிருந்ததால் கேள்விகள் உருப்படியாக வந்தன. மண்டபத்தில் நடந்த காலத்தில் கணக்கு வாசிக்கும்போது எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். உச்ச நீதிமன்றம் இழப்பீடு பற்றி உத்தரவிட்டு, 2021 செப்டம்பரில் மத்திய அரசு கோவிட் மரணத்துக்கான சான்று எப்படி என்று வரையறுத்து, 50,000 ரூபாய் என்று அறிவித்ததும், குடும்பங்கள் எங்கள் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று மட்டும் இருக்கும், பாசிட்டிவ் ரிப்போர்ட் எங்கோ தொலைந்திருக்கும். பரிசோதனை செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும் கோவிட் மரணம், அதற்கு மேலும் மருத்துவமனையிலேயே இருந்து இறந்தாலும் கோவிட் மரணம், ஆட்சேபம் இருந்தால் மாவட்டக் குழுவிடம் போகலாம் என்பது அப்போதைய விதி. இதை ஒரு பக்கத் தமிழில் எழுதி, என்னென்ன நகல் வேண்டும், எந்தப் படிவம் என்று போட்டுச் சங்கம் கொடுத்தது. ஒரு அம்மா அந்தத் தாளை மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இதை யார்கிட்ட காட்டணும் தம்பி" என்று கேட்டார். அவருடைய கணவரின் கேஸ் ஷீட்டைப் பழுப்பு உறையிலிருந்து எடுத்து, ரிப்போர்ட் நகலைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்த ஒரு தாளுக்காகவே என் அத்தனை வருடச் சந்தாவும் தகும்.

சேர நினைப்பவர்கள் மாநாட்டையோ சான்றிதழையோ நம்பிச் சேராதீர்கள். சேர்ந்தவுடன் பழைய கேள்வி பதில் தாள்கள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள், மாதிரி படிவம் 4ஐயும் சேர்த்து. ஒப்பந்த ஊழியர்களுக்குப் பாதிச் சந்தா என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. நான் அதற்கு ஆதரவாக வாக்களிக்கப் போகிறேன், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் அன்றைக்கு லிங்கைத் திறந்து கடைசி வரை இருங்கள், வாக்கெடுப்பு கணக்கு வாசித்த பிறகுதான்.