மழைக்கு நனையாத பை என்று நம்பி 6,850 ரூபாய் விட்டேன்: சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்கள் படியுங்கள்

கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். 6,850 ரூபாய் போய்விட்டது. சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் மாட்டுகிற பேனியர் பை, ஒரு ஜோடி. எந்தப் பையை வாங்குவது, சாமானை எப்படி அடுக்குவது என்றெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று கணக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மழை வரும் என்று தெரிந்தேதான் கிளம்பினேன். என்னிடம் இருந்த பழைய கித்தான் பை தூறலுக்கே ஊறிப்போகும். வெளிநாட்டுப் பைகளின் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன். அப்போதுதான் இந்த ஆள் கண்ணில் பட்டார். படமும் குட்டி வீடியோவும் போடுகிற ஒரு தளத்தில் கடை நடத்துகிறவர். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

அவர் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. மேஜையில் ஒரு சிவப்புப் பை. பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு மூன்று தடவை அதன்மேல் ஊற்றுகிறார். பிறகு வாயைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு செய்தித்தாளை எடுத்து ஆட்டுகிறார். சலசலவென்று சத்தம் வருகிறது, காய்ந்த தாள். அதைப் பார்த்துத்தான் போன் போட்டேன்.

இருபது நிமிஷம் பேசினார். "அண்ணா, நானும் உங்கள மாதிரி சைக்கிள்காரன்தான். விக்கணும்னு சொல்லலண்ணா" என்றார். ஏற்காடு ஏறிய கதை சொன்னார். என் கேரியரில் எவ்வளவு எடை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது என்று கேட்டார். 25 கிலோ என்றேன். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "அண்ணா, உங்க ஷூ என்ன சைஸ்?"

அங்கேதான் விழுந்தேன். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்குமா என்று பார்ப்பதற்காகக் கேட்கிற கேள்வி அது. பை மாட்டி நாலு ஊர் சுற்றியவனுக்குத்தான் அது தோன்றும். சரி, விஷயம் தெரிந்த பையன், நம்ம ஆள் என்று மனசு முடிவு செய்துவிட்டது. பத்து என்றேன். "தாராளமா இருக்கும்ணா" என்றார். பொருள் வந்தபின் பணம் என்ற ஏற்பாடு உண்டா என்று கேட்டேன். "சின்னக் கடைண்ணா, தாங்காது" என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கே கூச்சமாகிவிட்டது. 6,850 ரூபாயையும் யுபிஐயில் அந்த நிமிஷமே அனுப்பினேன்.

பை ஆறாம் நாள் வந்தது. அடியில் தையல் ஓடியிருந்தது, உள்பக்கம் தையல்மேல் மெல்லிய டேப் ஒட்டியிருந்தது. நல்ல நீர்புகாப் பையில் பெரும்பாலும் துண்டுகளைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருப்பார்கள், ஊசி இறங்கிய ஓட்டையே இருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடமே கேட்டேன் பாருங்கள். "அது டிசைன்ணா" என்றார். நானும் சரி என்று வைத்துவிட்டேன். கிளம்புகிற அன்று வீட்டில், "எதுக்கும் துணியெல்லாம் கவர்ல சுத்தி வைங்க" என்றாள். வீடியோவைப் போட்டுக் காட்டிச் சிரித்தேன்.

திருப்புவனம் வருவதற்குள் குதிகால் இடிக்க ஆரம்பித்துவிட்டது. மிதிக்கு ஒரு இடி. பையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினேன். தள்ளினால் எடை பின்சக்கர அச்சைத் தாண்டிப் போகும், வால் ஆடும். ஆடியது. அதைவிடப் பெரிய கூத்து கொக்கி. என் கேரியர்க் குழாய் 10 மில்லிமீட்டர். கொக்கியின் வாய் 16. இடைவெளியை அடைக்கச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் தருவார்கள், இதில் இல்லை. பை மேலெழும்பாமல் கொக்கியைப் பூட்டுகிற நாக்கும் இல்லை. கீழே கேரியர்க் கம்பியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஜட்டி எலாஸ்டிக் மாதிரி ஒரு பட்டை தொங்கியது.

மானாமதுரை தாண்டியதும் மழை பிடித்தது. ஒரு மணிநேரம் நல்ல மழை. பார்த்திபனூரில் டீ குடிக்கலாம் என்று ஊருக்குள் திரும்பினேன். ஒரு வேகத்தடைதான். மெதுவாகத்தான் ஏறினேன். இடது பக்கப் பை துள்ளிக் கழன்றது, ஒரு கொக்கி முறிந்தது, பை சுழன்று சக்கரத்துக்குள் போய் ஒரு ஸ்போக்கை ஒடித்துவிட்டு நின்றது. பின்னால் லாரி வரவில்லை. வந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

டீக்கடைத் திண்ணையில் பையைத் திறந்தேன். அடியில் குளம் கட்டியிருந்தது. துணி, பவர் பேங்க், மருந்துச் சீட்டு எல்லாம் மிதக்கிறது. வலது பையிலும் அதே கதைதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எப்படி உள்ளே வந்தது என்று பிறகுதான் புரிந்தது. அந்த மகராசன் மக்கில் ஊற்றியது பையின் முகத்தில். ரோட்டில் மழை மேலிருந்து மட்டுமா வருகிறது? சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் கீழிருந்தும், சக்கரத்தைப் பார்த்திருக்கிற உள்பக்கத்திலிருந்தும் அடிக்கும். கொக்கிக்கு ஸ்குரு போட்ட ஓட்டைகளெல்லாம் அந்த உள்பக்கத்தில்தான் இருக்கின்றன, வாஷர்கூட இல்லாமல். தையல் அடியில். வீடியோவில் அந்த இரண்டு இடத்தையும் ஒரு தடவையாவது காட்டினாரா? இல்லை.

டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு உரச்சாக்கு எடுத்து வந்தார், உள்ளே பாலிதீன் உறையோடு. பக்கத்துச் சைக்கிள் கடையில் பழைய டியூப்பை நீளமாகக் கிழித்து, சாக்கைக் கேரியரில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. ஒடிந்த ஸ்போக்கின் நீளத்துக்கு அங்கே மாற்று இல்லை, சக்கரம் கோணிவிட்டது. மதுரைக்குக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டி யானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். தனுஷ்கோடி அப்படியே நிற்கிறது. சாக்கில் மாற்றி வைத்த சாமான் மட்டும் அதற்குமேல் ஒரு சொட்டு நனையவில்லை.

இனி அவர் பேச்சைக் கேளுங்கள். பணம் போகும்வரை நான் அண்ணா. பணம் போனபின் சார். முதல் நாள், "சார், டீம் செக் பண்ணுவாங்க." என்ன டீம்? சின்னக் கடை என்றாரே. இரண்டாம் நாள், "சார், பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" பார்சல் பிரிக்கும்போது பை நன்றாகத்தானே இருந்தது, மழையிலல்லவா ஒழுகியது! அன்று மாலை, "ஓவர்லோடு சார்." ஒரு பைக்கு ஐந்து கிலோ. சமையலறைத் தராசில் வைத்துப் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. மூன்றாம் நாள், "நாங்க நனையாதுன்னு சொல்லல சார், தூறல் தாங்கும்னுதான் சொன்னோம்." போய்ப் பார்த்தால் வீடியோவின் கீழே இருந்த வாசகத்தையே மாற்றியிருக்கிறார். நல்லவேளை பழையதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையும் அனுப்பினேன். "மாற்றித் தர ஏழு நாள்தான் சார், உங்களுக்குப் பதினொன்னு ஆச்சு." இப்படி ஒரு கணக்கு இருப்பதை 6,850 ரூபாய் வாங்கும்போது சொல்லவில்லை. நேற்று இரவு வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, "ஓனர் ஊர்ல இல்ல" என்றார். பின்னால் அந்தப் பையன் யாரிடமோ ஏற்காடு கதை சொல்லிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. இன்று காலை இரண்டு எண்களையும் தடுத்துவிட்டார்கள்.

கோபத்தில் அளவு நாடாவை எடுத்துப் பையை அளந்தேன். ஒரு பை 25 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. நீளம் 30, அகலம் 14, உயரம் 36 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15 லிட்டர். அதிலும் வாயைச் சுருட்டி மடக்கினால் இன்னும் குறையும்.

1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 6,850 ரூபாய்க்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், 6,850 ரூபாய்க்குத்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமையில்லை. சுருக்கமாக: பையின் சக்கரப் பக்கத்தையும் அடியையும் காட்டாத வீடியோவை நம்பாதீர்கள். அடியில் தையல் தெரிந்தால் நீர்புகாப் பை என்று சொன்னாலும் சந்தேகப்படுங்கள். கேரியர்க் குழாயின் தடிமனை அளந்துவிட்டுக் கொக்கியைக் கேளுங்கள், கீழ்க்கொக்கி இல்லாததைத் தொடாதீர்கள். வாங்கிய அன்றே ஏதாவது கனத்தை வைத்து வேகத்தடை ஏற்றிப் பாருங்கள், குழாயடியில் எல்லாப் பக்கமும் நனைத்துப் பாருங்கள், நாட்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கனமான சாமான் அடியில், சக்கரத்தை ஒட்டி. இரண்டு பக்கமும் சம எடை. பை எதுவானாலும் துணியைக் கவரில் சுற்றி வையுங்கள், வீட்டில் சொன்னால் சிரிக்காதீர்கள். விற்பவர் உங்கள் ஷூ சைஸ் கேட்டால் உருகாதீர்கள்.

இதற்குமேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும். சைக்கிள் கடை திறந்திருக்கும், ஸ்போக் போட்டு வருகிறேன்.