அனுமதி வரைபடத்தில் இல்லாத நான்காம் தளத்துக்கு 6,25,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: ஊரப்பாக்கம் பக்கம் வீடு தேடுவோர் கவனத்திற்கு

நேற்று மாலை அந்தக் கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, "கேன்சல் பண்ணினது நீங்கதானே சார், புக்கிங் அமௌன்ட் திரும்ப வராது" என்ற ஒற்றை வரியைப் பதிலாக வாங்கிக்கொண்டு வந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. என் 6,25,000 ரூபாய் போன வழியில் இன்னொரு குடும்பத்தின் பணமும் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சைதாப்பேட்டையில் பதினோரு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு எழும்பூரில் வேலை என்பதால், கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தில் எங்காவது சொந்தமாக ஒரு வீடு அமைந்தால் போதும் என்று நினைத்தோம். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. வீடு, மனை விளம்பரங்கள் வரும் ஓர் இணையத் தளத்தில், "சரிபார்க்கப்பட்டது" என்ற பச்சை முத்திரையோடு இந்த வீடும் இருந்தது. ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை என்று போட்டிருந்தார்கள். அந்த ஏழு நிமிடம் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டிப் போனால்தான் என்பதும், சாலை வழியாகச் சென்றால் ஷேர் ஆட்டோ இல்லாமல் முடியாது என்பதும் நேரில் போனபோதுதான் தெரிந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு தளங்கள், தளத்துக்கு இரண்டு வீடுகள். எங்களுக்குக் காட்டியது நான்காம் தளத்தில் 54 லட்சம் ரூபாய் வீடு. பூச்சு வேலை முடியாத சமையலறையில் என் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, விற்பனை மேலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, "அக்கா, பூஜை மாடம் எங்க வேணும்னு நீங்களே சொல்லுங்க, கிழக்குப் பார்த்தே வெச்சுடலாம்" என்று கேட்டு, அவள் கை காட்டிய இடத்தில் சுவரில் கட்டம் போட்டு, எங்கள் வீட்டுப் பெயரையும் அதற்குள் எழுதினார். என் மகன் பக்கத்து அறையில் தன் கட்டிலுக்கு எத்தனை அடி வரும் என்று கால் வைத்து அளந்துகொண்டிருந்தான். நிறுவனத்தின் முதலாளி வயதானவர். சிங்கப்பெருமாள் கோயில் பிரசாதம் என்று சொல்லிக் குங்குமம் கொடுத்தார். அந்தச் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்த நிமிடத்தில்தான் நாங்கள் மனத்தளவில் அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டோம்.

அன்றே 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். அடுத்த வாரம் சீட்டு எடுத்த நான்கு லட்சமும், மனைவியின் நகையை அடகு வைத்த இரண்டு லட்சமும் சேர்த்து ஆறு லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினேன். ஆக மொத்தம் 6,25,000 ரூபாய். ஒப்பந்தம் எழுதவில்லை, "லோன் சாங்ஷன் ஆனதும் ஒரேயடியா எழுதிக்கலாம்" என்றார்கள். கையில் இருந்தது ஒரு ரசீது மட்டுமே.

நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், பட்டாவைச் சரிபார்த்தேன், மூலப்பத்திரத்தைத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டினேன். மூன்றிலும் குறையில்லை. ஆனால் அவை நிலத்தைப் பற்றி மட்டுமே பேசும் காகிதங்கள். அந்த நிலத்தின் மேல் எத்தனை மாடி கட்ட அனுமதி இருக்கிறது என்பதை அவற்றில் ஒன்றும் சொல்லாது. கட்டட அனுமதி என்று எனக்குக் கொடுத்த நகலில், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரு தளத்தின் வரைபடப் பக்கம் மட்டும் இருந்தது. அதில் இரண்டு வீடுகள் அழகாகத் தெரிந்தன. எத்தனை தளம் என்பதைக் காட்டும் வெட்டுத்தோற்றப் பக்கத்தை அவர்கள் கொடுக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்த அன்றுதான் முழு வரைபடத்தையும் பார்த்தேன். அவர் அதைத் தன் ஸ்கூட்டர் இருக்கையின் மேல் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு தளமாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். மூன்றாம் தளத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும்தான் வரையப்பட்டிருந்தன. அனுமதி ஆறு வீடுகளுக்கு, கட்டியிருப்பது எட்டு. எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் என் பங்கான பிரிபடாத பாகம் 600 சதுர அடி என்று எழுதித் தந்திருந்தார்களே, ஆறு வீடுகளுக்குப் பங்கிட்டால் அது 800 வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் உறைத்தது. வங்கி கடன் இல்லை என்று சொல்லிவிட்டது.

வீடு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அதன் பிறகு நடந்தது வெறும் அலைக்கழிப்பு. முதலில், "அந்த பேங்க் அப்படித்தான் சார், நம்ம ஃபைனான்ஸ்ல போட்டுத் தர்றோம்" என்றார்கள். அங்கே வட்டி இரண்டரை சதவீதம் அதிகம். பிறகு, திருத்திய வரைபடத்துக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மனு எண்ணைக் கேட்டபோது மேலாளர் போனை வைத்துவிட்டார். முதலாளி ஒரு வாரம் திருப்பதியில் இருந்தார், அடுத்த வாரம் அவருக்கு உடம்பு சரியில்லை. ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போவேன் என்றதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "எங்களுக்கு அது பொருந்தாது சார்." 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா பதிவு கட்டாயமில்லை என்பதைத் தெரிந்துகொண்டே அளந்து கட்டியிருக்கிறார்கள். பதிவு செய்த திட்டமாக இருந்திருந்தால், ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர்கள் என்னிடம் வாங்கியிருக்க முடியாது. 54 லட்சத்தில் அது 5,40,000. நான் கொடுத்தது 6,25,000.

விளம்பரத் தளத்துக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வந்தது. பச்சை முத்திரை என்பது விளம்பரம் கொடுத்தவரின் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்ததற்கு மட்டுமாம். வீட்டைச் சரிபார்த்ததாக நான் எடுத்துக்கொண்டது என் தவறாம்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். வரைபடத்தின் எல்லாப் பக்கங்களையும் வாங்கி, தளங்களை எண்ணுங்கள். அனுமதி கொடுத்த உள்ளாட்சி அலுவலகத்துக்கே போய் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கி மதிப்பீடு முடியும்வரை டோக்கனுக்கு மேல் கொடுக்காதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். புக்கிங் தொகை திரும்பாது என்ற வரி என் ரசீதின் பின்னால்தான் பொடி எழுத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். அந்த நான்காம் தளத்தில் எங்களுக்கு எதிர் வீட்டையும் யாரோ பதிவு செய்திருப்பதாக மேலாளர் சொன்னார். அது நீங்களாக இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன் தயவுசெய்து என்னைத் தொடர்புகொள்ளுங்கள். வரைபடத்தின் முழு நகல் என்னிடம் இருக்கிறது.